கடையைவிட்டு நகராதவள்

கடை முதலாளியம்மாவுக்கு,

உன் கணவனும் இஸ்திரி போடும் ஆளுமானவன் எழுதுவது. இங்கே துணிமணிகள் நலம். நான்தான் கோபத்தில் இருக்கிறேன். போனில் உன் உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "பக்கத்துல மாப்பிள்ளை இருக்காரு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். மூன்று முறை ஆயிற்று. கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

நீ மகள் வீட்டுக்குக் கிளம்பும் முன் எடுத்த ஸ்கேன் முடிவை வாங்கப் போனேன். டாக்டரம்மா என்னை உட்காரவைத்து, உன் இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருக்கின்றன என்றார். கர்ப்பப்பை இறங்கி, மூத்திரப்பையையும் கூடவே இழுத்து, மேலிருந்து வரும் குழாய்கள் மடங்கிவிட்டனவாம். சிறுநீர் போக வழியில்லாமல் மேலேயே தேங்குகிறதாம். "எத்தனை வருஷமா இறங்கியிருக்கு?" என்று கேட்டார். நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவன் திருதிருவென்று விழித்தேன்.

உன் தங்கையைக் கேட்டேன். ஆறு வருடமாம்! இறங்கியதைத் தாங்க உள்ளே துணியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றாயாம். கடையில் கழிப்பறை இல்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாயாம். டாக்டரிடமும் கால் வீக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். என்ன மனுஷி நீ!

நான் வேறு, "எங்க வீட்டம்மா காலையில நின்னா சாயங்காலம் வரைக்கும் கடையைவிட்டு நகரமாட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தேன். நீயும் சிரித்துக்கொண்டு நின்றாய். ஒரு நாள், "கீழ என்னமோ இறங்கற மாதிரி இருக்குங்க" என்று சொன்னாய். "வயசானா அப்படித்தான்" என்று அடுத்த சட்டையை எடுத்தேன். அந்தச் சட்டையின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது.

முதலில் உள்ளே ஒரு வளையம் வைத்துத் தூக்கி நிறுத்துவார்களாம், பிறகு ஆபரேஷன். இன்னும் தள்ளிப்போட்டால் சிறுநீரகம் தேறாது என்று டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிட்டார். நீயோ பேரனுக்குப் பல் முளைத்ததும் வருகிறேன் என்கிறாய். அவன் பல் உன்னைக் கேட்டுக்கொண்டா முளைக்கும்?

வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். படித்ததும் கடிதத்தை மகளிடம் கொடு. பெற்ற பெண்ணிடம் என்ன வெட்கம்?

பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு, அவர் கழிப்பறைச் சாவி ஒன்றை வாங்கி நம் கடை ஆணியில் மாட்டியிருக்கிறேன். கேட்டதும் கொடுத்துவிட்டார். இத்தனை வருடம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் நேரில் வந்து திட்டு. வழியில் தாகத்தை அடக்காதே.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ஸ்டேஷனில் நிற்கப்போகிறவன்