மேடையில் நான் படித்த வரி

ஜூலை 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. ஸ்பிரிங்வேலில் ரயில் ஏறி, நகரத்தில் மாறி, பிறகு பஸ். பொயிண்ட் குக்கில் கார்த்திக் வீட்டுக்குப் போய்ச் சேர சப்பாத்துக்குள் தண்ணீர். குடை, நான் தங்கியிருக்கும் அன்ரி வீட்டு வாசலிலேயே.

ஞாயிறு என்றால் தர்பார். அந்தச் சொல் கார்த்திக்குடையது, கேலியாகச் சொல்வது. அவருடைய அப்பா ராஜா சார் (இனி ரா.சா., எழுதிக் கை வலிக்கிறது). தென் தமிழ்நாட்டில் ஒரு சின்ன ஜமீனின் கடைசி வாரிசு. ஜமீன் எப்போதோ போய்விட்டது. பட்டம் மட்டும் விமானம் ஏறி இங்கே வந்திருக்கிறது. அந்தப் பக்கத்து ஊர்க்காரர் சிலர் ஞாயிறு தோறும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் பக்கத்தில் இருந்து குறிப்பெடுக்க வேண்டும். செயலாளர்.

இன்றைய விஷயங்கள்: ஒரு கல்யாணப் பேச்சு. கோயில் கமிட்டிச் சண்டை. யாரோ ஒருவரின் மகன் படிப்பை விட்டுவிட்டானாம், ரா.சா. புத்தி சொல்ல வேண்டுமாம். பையன் முழு நேரமும் போனில்.

முருகேசனும் வந்தார். ரயில்வே சிக்னல் இன்ஜினியர். கிளென் வேவர்லியில், பள்ளிக்கூடத்துக்காகவே விலை ஏறிய தெருவில் சொந்த வீடு. கார்த்திக்குடையதை விட நல்ல கார். ஆனாலும் ரா.சா. முன்னால் உட்கார மாட்டார். "பரவால்லங்கய்யா" என்று சுவரோரம் நிற்பார். கோப்பியையும் நின்றபடியே குடித்தார். எனக்கு விளங்கவே இல்லை. மற்ற எல்லோரும் சோபாவில்தானே.

ஜூலை 8, செவ்வாய்

சூடில்லாத வெயில், இந்த நாட்டில் ஜூலைதான் குளிர்காலம். மூக்கடைப்பு.

பத்தொன்பதாம் தேதி ரா.சா.வுக்கு எண்பதாம் வயது விழா. மண்டபம் எடுத்தாயிற்று. குடும்ப வரலாற்றை அன்று மேடையில் அவரே வாசிப்பார். பிறகு அது புத்தகமாக வரும். எழுதுவது நான். என்னை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான். இத்தாலியின் பலெர்மோவில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வரலாற்றில் டாக்டர் பட்டம், இங்கே ஒரு பல்கலைக்கழகமும் சீந்தவில்லை. "நம்ம செக்ரட்டரி இத்தாலி டாக்டர்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். எனக்குக் கூச்சமும் கொஞ்சம் சந்தோஷமும்.

என் ஆய்வு: இத்தாலியப் படிப்பாளிகள் அந்நிய அரசவைகளுக்குச் செயலாளராகப் போய், அந்த அரசர்களுக்கு வீரப் பரம்பரை செய்து கொடுத்தது பற்றி. எவ்வளவு கிண்டலாக எழுதினேன். இப்போது அதை நினைக்க வேண்டாம்.

"சேர், முதல்ல கொஞ்சம் கதைச்சுப்போட்டு எழுதுவமோ?" என்று கேட்டேன். ரா.சா. முகம் மாறிவிட்டது.

"இதுல கதையெல்லாம் வேணாம்மா. நடந்தத மட்டும் எழுதுங்க."

பேசுவதைத்தான் நாங்கள் கதைப்பது என்போம் என்று விளக்கினேன். சிரித்தார். முழுச் சிரிப்பு இல்லை.

அவர் சொன்னது: கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரனை எதிர்த்தார். எல்லோரும் ஓடியபோதும் அரண்மனைக் காவல்காரன் மாடசாமி மட்டும் கூட நின்றான். அவனைத் தூக்கில் போட்டார்கள். கொள்ளுத்தாத்தாவிடமிருந்து பாதி நிலத்தைப் பிடுங்கினார்கள்.

"நம்ம முருகேசன் அந்த மாடசாமி வம்சந்தான்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 11, வெள்ளி

தலையிடி. பனடோல் வாங்க வேண்டும். அன்ரிக்கு மரவள்ளிக் கிழங்கு.

ராணியம்மா, ரா.சா.வின் மனைவி, சாப்பிடக் கூப்பிட்டார். குசினிக்குள் போய் வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். (நான் குசினி என்றால் அவருக்கு இன்னும் சிரிப்பு.) எழுதுவது எவ்வளவு தூரம் என்று கேட்டார். மாடசாமி கடைசிவரை கூட நின்ற இடத்தில் நிற்கிறது என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தார். "கூட நின்னானா? யாரு சொன்னா?"

"சேர்தான்."

"அவனப் பிடிச்சுக் குடுத்ததே இவுக கொள்ளுத்தாத்தாதான்மா. வெள்ளைக்காரன் தேடறான்னு அடைக்கலம் வந்தவனுக்குச் சோறு போட்டுத் தூங்க வச்சு, விடியறதுக்குள்ள வெள்ளைக்காரனுக்கு ஆளனுப்பிட்டாக. அதனாலதான் பாதி நிலமாவது தப்பிச்சுச்சு. நான் கல்யாணமாகி வந்த புதுசுல என் மாமியா சொன்னது."

"சேருக்குத் தெரியாதோ?"

"என் மாமியா யாரு? அவுக அம்மாதான?"

பிறகு ரசத்துக்குப் புளி கரைக்கத் தொடங்கிவிட்டார். நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மழை இல்லை. காற்று. தர்பாரில் கூட்டம், எல்லாம் விழாப் பேச்சு. மாலை யார் பிடிப்பது, சாம்பாரா பிரியாணியா.

முருகேசன் என்னை ஸ்பிரிங்வேல்வரை காரில் கொண்டுவந்து விட்டார். பாலத்தில் நெரிசல். ரேடியோவை நிறுத்தினார். பிறகு:

"டாக்டர், எங்க பூட்டன் மாடசாமி பேரு வருதா?"

"ஓம், வருது."

"அய்யாதான வாசிப்பாங்க? அவங்க வாயால?"

"அவர்தான் வாசிப்பார்."

தலையை ஆட்டினார். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. மனிதரின் முகத்தில் அப்படி ஒரு எதிர்பார்ப்பு. விழுங்கிவிட்டேன்.

பலெர்மோவுக்குப் போன் எடுத்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா வீடுகள் துப்புரவாக்கும் வேலை, இன்னும் விடவில்லை. "அவை சொல்றதை எழுதிக் குடு பிள்ளை. நான் எத்தினை வீடு துடைச்சனான். கண்டதெல்லாம் வெளியில சொன்னா ஒரு வீடும் மிஞ்சாது" என்றார். சரிதான் போலவும் இருந்தது. இல்லாதது போலவும்.

ஜூலை 15, செவ்வாய்

குளிர். ரா.சா. கம்பளித் தொப்பியோடு.

கேட்டேவிட்டேன். "சேர், மாடசாமி விஷயத்தில எனக்கொரு சந்தேகம்."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "ராணி சொன்னாளா?"

நான் தாளைப் பார்த்தேன்.

"முருகேசன் நல்லா வந்திருக்கான். நல்ல வேலை, நல்ல வீடு. பூட்டன் கூட நின்னு செத்தான்னா அவனுக்குப் பெருமை. எனக்குக் கௌரவம். இங்க பொறந்த பிள்ளைகளுக்குக் கேட்க ஒரு நல்ல விஷயம். யாருக்கும்மா நஷ்டம்?"

பேனாவை எடுத்தேன். செத்துப்போன மாடசாமிக்கு என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில்தான் தோன்றியது.

அவர் சொன்னது: "மாடசாமி கூடவே நின்று உயிர்விட்டான்." நான் எழுதியது: உயிர்விட்டார். படித்துப் பார்த்தார். அடுத்த பக்கத்துக்குப் போனார்.

ஒரு எழுத்தை மாற்றிவிட்டு நியாயம் செய்துவிட்டதாக நினைத்தேனோ?

ஜூலை 19, சனி

விழா. மண்டபம் நிறைய ஆட்கள். அன்ரியின் பச்சைச் சேலை, கொசுவம் நிற்கவில்லை. மைக் இரண்டு தடவை கத்தியது.

ரா.சா. பட்டு வேட்டியில் கம்பீரமாகத்தான் இருந்தார். குரலும் நடுங்கவில்லை. ஊர், கோயில், குளம் வெட்டியது எல்லாம் நன்றாக வாசித்தார். மாடசாமியின் இடம் வந்தது. நின்றுவிட்டார். தண்ணீர் கேட்டார். குடித்தார். மறுபடி தாளைப் பார்த்தார். தொண்டை கட்டிவிட்டது என்று சனம் நினைத்தது. கார்த்திக் எழுந்து ஓடிவந்தார்.

ரா.சா. என்னைத் திரும்பிப் பார்த்தார். தாளை நீட்டினார். "நீங்க படிங்கம்மா."

படித்தேன். மாடசாமி கூடவே நின்று உயிர்விட்டார். என் குரல் தெளிவாக வந்தது, அதுதான் ஆச்சரியம். கைதட்டல். இரண்டாவது வரிசையில் முருகேசன். தட்டவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. ரா.சா.வையே பார்த்துக்கொண்டிருந்தார். ரா.சா. தரையை.

பந்தியில் ராணியம்மா: "முருகேசன் சாப்பிடாமப் போயிட்டானா?" யாருக்கும் தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

எல்லோருக்கும் களைப்பு. தர்பாருக்கு மூன்று பேர். முருகேசன் இல்லை. கதவுப்பக்கம் சத்தம் கேட்கும்போதெல்லாம் ரா.சா. பார்த்தார். கடைசியில், "போன் போட்டு ஏன் வரலன்னு கேளுங்க."

கராஜுக்குள் போய் எடுத்தேன்.

"படிச்சது நீங்கதான டாக்டர். அய்யா இல்லையே."

"அவருக்குத் தொண்டை..."

"எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும் டாக்டர். யாரு சோறு போட்டா, யாரு ஆளனுப்பினான்னு. எங்கம்மா சாகறவரைக்கும் அந்த அரண்மனையில ஒரு வாய் தண்ணி குடிக்கல."

"அப்ப ஏன் ஒவ்வொரு ஞாயிறும் வந்து நிண்டனீங்கள்?"

"உக்காந்தா நான் ஊர்க்காரங்கள்ல ஒருத்தன். நின்னா, யாரு நிக்கறான்னு அவருக்கு ஞாபகம் வரும்ல." பிறகு, "மேடையில என் முகத்தப் பாத்துக்கிட்டு அந்தப் பேரச் சொல்லட்டும்னு இருந்தேன். பொய்யாவே சொல்லட்டும், பரவால்ல. சொல்றப்ப அவரு முகம் எப்படியிருக்குன்னு பாக்கணும். நீங்க வாங்கிப் படிச்சிட்டீங்க."

"சேரிட்ட என்ன சொல்ல?"

"வரலன்னு சொல்லுங்க."

அதைத்தான் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை.

ரயிலில் முழுக்க இதே. ரா.சா.வால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. என்னால் முடிந்தது. நான் யாருக்கு உதவினேன்? இறங்குமிடம் தவறி அடுத்த ஸ்டேசனில் இறங்கித் திரும்பி வந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

மூடுபனி. ரயில் தாமதம்.

ரா.சா. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். ராணியம்மா வாசலிலேயே பிடித்துச் சொன்னார். "எங்கிட்டயும் பேசல. நீயாவது என்னன்னு கேளு நிரோ." எப்படிக் கேட்பது.

அறைக்குள் கூப்பிட்டார். முருகேசன் போனில் என்ன சொன்னார் என்று கேட்டார். இந்த முறை முழுவதும் சொன்னேன், நின்றது ஏன் என்பதையும். சொல்லி முடித்ததும் வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

"அந்தப் பக்கத்த எடுங்க" என்றார். எடுத்தேன். "கூட நின்னாருன்னு இருக்குல்ல. அத அடிச்சிடுங்க."

"மாடசாமியின்ர பேரையுமோ?"

"பேரு இருக்கட்டும்."

அடித்தேன். காத்திருந்தேன். வெளியே குப்பை வண்டி ஒவ்வொரு வீடாக நின்று நின்று போனது.

"என் கொள்ளுத்தாத்தா பிடிச்சுக் குடுத்தாருன்னு எழுதுங்க."

கார்த்திக் பக்கத்து அறையில் மீட்டிங்கில் இருந்தவர், கேட்டுவிட்டார் போல. வந்து நின்றார். "அப்பா, புக் பிரிண்ட்டுக்குப் போகப்போகுது. எதுக்கு இப்ப இதெல்லாம்?" ரா.சா. திரும்பவில்லை. கார்த்திக் என்னைப் பார்த்தார், நான்தான் ஏதோ செய்துவிட்ட மாதிரி. அச்சில் வருமா வராதா, அது அவர்கள் பாடு.

செயலாளர் புத்தி, கேட்டேன்: "'பிடித்துக் கொடுத்தார்' எண்டு போடவோ, 'ஒப்படைத்தார்' எண்டு போடவோ?"

"பிடித்துக் கொடுத்தார்." பிறகு, "எழுதி எங்கிட்ட குடுங்க. நாளைக்குக் கிளென் வேவர்லிக்கு, முருகேசன் வீட்டுக்குப் போறேன். டாக்ஸி சொல்லிடுங்க."

"நானும் வரட்டோ, சேர்?"

"வேணாம்மா. நானே படிச்சுக்கிறேன்."