மரண அறிவித்தலில் ட்ராவிஸின் பெயர்

என் அருமை அண்ணைக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆண்டுத் திவசம். கூசேன்வில்லில் நீங்கள் இருந்த வாடகை வீட்டை ஒப்படைத்துவிட்டோம். உங்கள் சாமான்களில் பாதி என் வீட்டில் இருக்கிறது. சலூன்காரச் சிவம் நினைவு மலர் அச்சடிக்கிறான். அதில் நான் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம்.

இப்படியான மலர்களை நான் விரும்பி வாசிப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். இறந்தவர்கள் எல்லோரும் அவற்றில் ஒரே மாதிரி நல்லவர்களாக இருக்கிறார்கள். ஆனாலும் எழுதுகிறேன். போன வருடம் உங்களைப் பற்றி அச்சில் ஒரு பிழை விட்டோம். அதைத் திருத்தினால் இன்னொன்றையும் சொல்ல வேண்டி வருகிறது. சொல்வதா, விடுவதா என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மரண அறிவித்தலை எழுதிக் கொடுத்தவன் சிவம். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் அவனுடைய சலூன் கண்ணாடியில் தொடங்கி, கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் போகிற வழிக் கடைகள் வரை ஒட்டியிருந்தார்கள். இன்னாரின் மகன், இன்னாரின் சகோதரன், இன்னாரின் மைத்துனன் என்று எல்லோரும் வரிசையாக, அவரவர் நாடு அடைப்புக்குறிக்குள். நீங்கள் கலியாணம் செய்யாதவர். பிள்ளைகளின் பெயர் வருகிற இடத்தில் ‘ட்ராவிஸ் (அமெரிக்கா) அவர்களின் பாசமிகு வளர்ப்புத் தந்தையும்’ என்று இருந்தது.

செத்தவீட்டுக்குத் திரான்சியிலிருந்து வந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அமெரிக்காப் பெடியன் வரேல்லையோ பிள்ளை?” என்று கேட்டார். வரவில்லை என்றேன். அது பொய் இல்லை.

ட்ராவிஸ் யார் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஞாயிறு காலைகளில் நீங்கள் என் வீட்டுக்கு வந்து கணினியில் தேடிப் பார்க்கிற அமெரிக்க உதைபந்தாட்டக்காரர். அந்தக் கிழமையே சிவத்திடம் கேட்டேன்.

“அந்த விளையாட்டுக்காரனை ஏன் தம்பி நோட்டீசிலை போட்டனீங்கள்?”

“கனடா இருக்கு, லண்டன் இருக்கு, சுவிஸ் இருக்கு. அமெரிக்காவை மட்டும் விடேலுமோ அக்கா?” என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினான். நாடு ஒன்று கூடட்டும் என்று போட்டிருக்கிறான் என நினைத்தேன். எங்கள் ஆட்கள் செய்யக்கூடியதுதான். அடக்கத்துக்கான பத்திரங்களோடு நகரசபைக்கும் மருத்துவமனைக்கும் அலைந்துகொண்டிருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

போன மாதம் மலர் விஷயமாகப் பேச சலூனுக்குப் போனேன். நாற்காலியில் ஒருவருக்கு முகம் பாதி வழித்திருந்தது. சிவம் கத்தியைத் துடைத்தபடி சொன்னான்:

“இந்த முறை சொந்தப் பேரையும் போடுவம் அக்கா. இனி என்ன பயம்?”

“ஆரின்ரை சொந்தப் பேரை?”

“ட்ராவிஸின்ரை. ரூபன் எண்டு.”

ரூபனைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இதை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ரூபன் எங்கள் சின்னம்மாவின் ஒரே மகன். தாயும் தகப்பனும் போன பிறகு அவனுக்கென்று இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டாயிரத்து ஒன்பதின் தொடக்கத்தில், போர் நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்து கடைசியாகப் பேசினான். அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

சிவம் அவனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஒரே அணியில் விளையாடியவன். “ரூபன்ரை இடக்கால் உங்களுக்குத் தெரியாது அக்கா. அவன் எங்கை போனாலும் விளையாடிப் பிழைப்பான்,” என்றான்.

“சிவம், ட்ராவிஸ் வெள்ளைக்காரன். அமெரிக்காவிலை பிறந்தவன்.”

அவன் சிரித்தான். “பாஸ்போட்டிலை அப்பிடித்தான் இருக்கும். நான் இஞ்சை வரேக்கை மலேசியாக்காரன். பேர் கூட வேறை. உங்களுக்குத் தெரியாததே?”

கைபேசியில் ட்ராவிஸின் படத்தை எடுத்துக் காட்டினேன். செம்பட்டை முடி, நீளமான முகம். நாற்காலியில் இருந்தவரும் எட்டிப் பார்த்தார். சிவம் நெடுநேரம் பார்த்தான்.

“இது ரூபனில்லை.”

“இல்லை.”

“அப்ப ரூபன்?”

நான் கைபேசியைப் பைக்குள் வைத்தேன். நாற்காலியில் இருந்தவர், “அண்ணை, மற்றக் கன்னத்தையும் ஒருக்கா வழிச்சு விடுங்கோவன், நான் வேலைக்குப் போகோணும்,” என்றார். சிவம் கத்தியை எடுக்கவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்து கையை மட்டும் கழுவிக்கொண்டு நின்றான்.

பிறகுதான் நடந்ததைச் சொன்னான். ரூபனிடமிருந்து தகவல் நின்ற அந்த ஆண்டு ஒவ்வொரு கிழமையும் அவன் உங்களிடம் “பெடியன்ரை தகவல் ஏதும் இருக்கோ அண்ணை?” என்று கேட்பானாம். நீங்கள் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவீர்களாம். ஒரு நாள், கோடை முடிகிற நேரம், “ஓம். ஞாயிறு விளையாடினவன்,” என்றீர்களாம். பிறகு நோர்வே என்றீர்கள், பிறகு அமெரிக்கா என்றீர்கள். எப்போதோ ஒரு தடவை ட்ராவிஸ் என்ற பெயரும் உங்கள் வாயில் வந்திருக்கிறது.

“படம் காட்டச் சொல்லிக் கேக்கேல்லையா?”

“என்னெண்டு கேக்கிறது அக்கா? வேறை பேரிலை இருக்கிறவன். படம் வெளியிலை போனால் அவனுக்கெல்லோ ஆபத்து? நாங்கள்தான் வேண்டாமெண்டு விட்டனாங்கள்.”

“அண்ணை தன்ரை வாயாலை ரூபன் எண்டு சொன்னவரோ?”

“இல்லை,” என்றான். “ஆனால் இல்லையெண்டும் சொல்லேல்லை.”

ஆக, பதின்மூன்று ஆண்டுகளாக லா சப்பலில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ரூபன் அமெரிக்காவில் உதைபந்தாடிக்கொண்டிருந்திருக்கிறான். நான் அந்தத் தெருவில் கிழமைக்கு ஒரு தடவை மரக்கறி வாங்கியிருக்கிறேன். ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. இரகசியத்தைக் காக்கிறேன் என்று என்னை மதித்திருக்கிறார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிவரவியல் படித்தவள். ஒன்றைச் சரிபார்க்காமல் எழுதினால் எனக்கு நித்திரை வராது. உங்கள் பெட்டியில் இருந்த நீலக் கொப்பியை எடுத்தேன். ட்ராவிஸின் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நீங்கள் ருவாசி விமான நிலையத்தில், பிந்தி வருகிற பயணப்பைகளைப் பிரித்து அனுப்பும் பகுதியில் வேலை செய்தவர். அவரைப் பற்றிய முதல் குறிப்பு, இரண்டாயிரத்து ஒன்பது கோடையில் எழுதியது, இப்படி இருக்கிறது: ‘அமெரிக்கன். ட்ராவிஸ். வயது 21. பையில் பூட்ஸ். நாளை காலை பத்து மணிக்குக் கழகத்தில் தெரிவு ஆட்டம். பை இன்றுதான் வந்தது. டிரைவரோடு கதைத்து முதலில் அங்கே இறக்கச் செய்தேன். ஆளைக் காணவில்லை.’

ஆளைக் காணவில்லை, அதாவது நேரில் பார்க்கவில்லை, என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பையைத் தோளில் சுமந்துகொண்டு போனதாகவும், அன்று இரவு அவருக்குச் சோறு போட்டதாகவும் சலூனில் ஒரு கதை இருக்கிறது. அது உங்கள் கதை இல்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

அந்தக் கழகம் ட்ராவிஸை எடுக்கவில்லை. நோர்வேயின் வடக்கே ஒரு சின்ன ஊரில் இரண்டு பருவம் விளையாடினார். ‘71ஆவது நிமிடம் இறக்கினார்கள். மழை.’ ‘முழு ஆட்டம். கோல் இல்லை. பரவாயில்லை.’ பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பினார். முதல் ஆண்டு அநேகமாகப் பெஞ்சில். ஒரு தடவை நாட்டு அணிக்குக் கூப்பிட்டார்கள். ‘சீருடை போட்டார். இறக்கவில்லை.’ அதன் பிறகு முழங்கால் அறுவை. ஒரு கழகம் இன்னொருவருக்குப் பதிலாக அவரைக் கொடுத்துவிட்டது. கடைசி நான்கு ஆண்டுகள் இரண்டாம் தரக் கழகம் ஒன்றில் அணித் தலைவர். ‘விலகினார்’ என்ற சொல்லோடு கணக்கு முடிகிறது.

பெரிய வாழ்க்கை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பதினொரு ஆண்டு, ஆறு கழகம், ஒரு முழங்கால். இணையத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் பார்த்தவரை நீங்கள் ஓர் ஆட்டத்தைக் கூடத் தவறவிடவில்லை.

ஒரு ஞாயிறு நான் கேட்டேன், நினைவிருக்கிறதா?

“ஆர் இது?”

“ஒரு பெடியன். இவன்ரை பாக் ஒருக்கா எங்களிட்டை வந்தது.”

“அதுக்கு?”

“அதுக்கெண்டு ஒண்டுமில்லை. இருக்கிறான், விளையாடுறான். நீ கோப்பியைப் போடு.”

நான் கோப்பியைப் போட்டேன். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை?

ட்ராவிஸ் இப்போது அமெரிக்காவின் ஒகாயோவில் ஒரு பள்ளியில் பயிற்றுநர். பள்ளியின் முகவரிக்கு எழுதினேன். உங்களை அவர் ஒரு தடவையாவது சந்தித்திருக்கிறாரா என்று கேட்டேன். கொப்பியின் சில பக்கங்களைப் படமெடுத்து, விளக்கமும் எழுதி அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது.

பை பிந்தி வந்தது நினைவிருக்கிறதாம். யாரோ டிரைவர் மைதான வாசலில் இறக்கியதும் நினைவிருக்கிறதாம். உங்களைத் தெரியாது, மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதோடு ஒரு திருத்தம். நோர்வேயில் இரண்டாவது இலையுதிர் காலத்தில் நான்கு ஆட்டத்துக்கு நேரே நீங்கள் ‘காயமாம்’ என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். காயம் இல்லையாம். பயிற்றுநர் தெரிவு செய்யவில்லை. வீட்டில் தாயிடமும் தகப்பனிடமும் காயம் என்று சொல்லியிருந்தாராம். ‘இத்தனை வருடத்தில் இதைச் சந்தேகித்தவர் உங்கள் அண்ணன் ஒருவர்தான்’ என்று எழுதியிருக்கிறார்.

நான் எளிதில் யாரையும் நம்புகிறவள் இல்லை. அந்த மனிதரை நம்புகிறேன்.

இனி, சொல்லத் தயங்கியது. ட்ராவிஸின் கணக்கு அந்தக் கொப்பியின் ஐந்தாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. முதல் நான்கு பக்கமும் பெயர்கள். போர் முடிந்த அந்த ஆண்டு எங்களில் எத்தனையோ பேர் அப்படிப் பட்டியல் வைத்திருந்தோம். பெயர், வயது, ஊர், கடைசியாகப் பேசிய நாள், அடையாளம், தகவல். யார் யாருடைய ஆட்களையோ கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சிலருக்கு நேரே ‘முகாமில், சுகம்’ என்று இருக்கிறது. மற்றவர்களுக்கு நேரே தகவல் கட்டம் வெறுமை. ரூபனுக்கும் வெறுமை. அவனுடைய அடையாளம் என்ற கட்டத்தில் ‘கால் அளவு 42’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் நாட்டை விட்ட பிறகு பிறந்தவன். நேரில் கண்டதே இல்லை. பூட்ஸ் அனுப்புவதற்காகத் தொலைபேசியில் கேட்டுவைத்த அளவு அது. அவனுடைய உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எனக்கு இன்னும் தெரியும், அண்ணை. பதினொரு வயது வரை அவனைப் பார்த்தவள் நான். இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கிற தழும்பு. வேலிக் கம்பி கிழித்தது. தையல் போடும்போது தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. கேட்டால் நான் அழுவேன் என்று நீங்கள் நினைத்தீர்களா? சொன்னால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று நான் நினைத்தேன். இரண்டு பேருமாக அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டோம். ஒரு சப்பாத்து அளவை வைத்துக்கொண்டு யார் யாரைக் கண்டுபிடிப்பது?

சிவம் நேற்று வந்தான். “அக்கா, ட்ராவிஸின்ரை பேரை எடுப்பம். ஆனால் ரூபன் இல்லையெண்டு எழுதவேண்டாம். சனம் இவ்வளவு நாளும் நிம்மதியா இருந்தது,” என்றான்.

“இல்லையெண்டு நான் எழுதேல்லை. தெரியாதெண்டுதான் எழுதுறன்.”

“ரெண்டும் ஒண்டுதானே அக்கா?”

“இல்லைத் தம்பி. அமெரிக்காவிலை இருக்கிறான் எண்டு நினைக்கிற வரைக்கும் ஒருத்தரும் அவனைத் தேடமாட்டினம். நீங்கள் தேடினனீங்களோ?”

அவன் வாசலில் நின்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டினான். பிறகு, ரூபனோடு கடைசி மாதங்களில் ஒரே இடத்தில் இருந்த ஒருவர் இப்போது சுவிசில் இருப்பதாகச் சொன்னான். ரூபன் தப்பிவிட்டான் என்ற எண்ணத்தில் இத்தனை காலமும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லையாம். தொலைபேசி எண்ணை என் மேசையில் எழுதி வைத்துவிட்டுப் போனான்.

ஆகவே இந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியது இதுதான்: ட்ராவிஸ் எங்கள் பிள்ளை இல்லை. அவர் சுகமாக இருக்கிறார். ரூபன் எங்கள் பிள்ளை. அவனைப் பற்றித் தகவல் இல்லை. இடது புருவத்தில் தழும்பு, கால் அளவு 42. அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொலைபேசியில் முன்பின் தெரியாதவர்களோடு பேச எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் திவசம் முடிந்த மறுநாள் சுவிசுக்கு எடுக்கிறேன். அவர் என்ன சொன்னாலும் ரூபனுக்கு நேரே உள்ள கட்டத்தில் அன்றைக்கே எழுதுவேன், அண்ணை. எந்தச் சொல்லானாலும் மாற்றாமல் எழுதுவேன்.

உங்களுக்கு அடுத்துப் பிறந்தவள்,
ரூபனின் அக்கா,
வசந்தி