உட்கார வைத்து எடுத்த அளவு

மழை விட்டதும் பெட்டிகளைத் தூக்கி வெயிலில் வைப்பது உங்களுக்குப் பிடிக்காத வேலை. "தெருவுக்கே நம்ம சாமானைக் காட்டணுமா புள்ள?" என்று முனகுவீர்கள். இந்த வருஷமும் காட்டினேன். உங்கள் தகரப் பெட்டியைத் திறந்ததும் முதலில் பூஞ்சை நாற்றம் வந்தது. அதற்கு அடியிலிருந்து தோல் வாசனை, கிராம்பு, புகையிலை, அப்புறம் உங்கள் வியர்வை. ரங்கூன் மழைக்குப் பச்சை பிடிக்காத தோல் எது? உங்கள் துப்பாக்கி உறையும் குளத்துப் படிக்கட்டு மாதிரி பாசி படிந்து கிடந்தது. பால்கனியில் கால் நீட்டி உட்கார்ந்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அழுகை வரும் என்று முந்தானையைத் தயாராக வைத்திருந்தேன். வந்தது சிரிப்பு!

துப்பாக்கியை நீங்கள் போன மறுவாரமே லைசென்ஸோடு போலீஸில் ஒப்படைத்தாயிற்று. உறையை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

நீங்கள் பெரிய உடம்புக்காரர். மறைக்க என்ன இருக்கிறது? லஞ்சா ரிக்‌ஷா இழுக்கிறவர்கள் உங்களைத் தூரத்தில் கண்டாலே வண்டிச் சக்கரத்தைக் குனிந்து பார்க்க ஆரம்பிப்பார்கள். நான் மட்டும் என்ன கொடியிடையா? நாம் இரண்டு பேரும் ஜோடியாகக் கோயிலுக்குப் போனால், பபேடான் நடைபாதையில் எதிரே வருகிறவர்கள் கீழே இறங்கி நடப்பார்கள். "ராஜா ராணிக்கு வழி விடுறாங்க" என்பீர்கள். அந்த மிதப்புதான் எனக்கு உங்களிடம் ரொம்பப் பிடித்தது. அது ஒரு வருஷம் உங்களை விட்டுப் போனதை நான் பார்த்தேன்.

மரைக்காயர் முதலாளியின் ரத்தினக் கல் கடையில் நீங்கள் சரக்குக் கொண்டுபோகிறவர். சிவப்புக் கற்களைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, அலோன் துறையில் சம்பான் படகு ஏறி, ஆற்று நடுவே நிற்கும் கப்பல்களில் வாங்குகிறவர்களிடம் காட்டிவிட்டு வருவீர்கள். பக்கத்துக் கடை ஆளைப் படகில் வைத்து யாரோ குத்திப் போட்டுவிட்டுப் பையைப் பறித்துக்கொண்டு போனார்களே, அதற்குப் பிறகுதான் முதலாளி அலைந்து திரிந்து உங்கள் பேருக்கு லைசென்ஸ் வாங்கினார். குட்டையான ஒரு ரிவால்வரும் வந்தது. கூடவே ஒரு கண்டிப்பும் வந்தது.

"மச்சான், இது இருக்கிறது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியப்படாது. துப்பாக்கி தெரிஞ்சா, இந்த ஆளுகிட்டே கல்லு இருக்குன்னு தமுக்கடிச்ச மாதிரி."

அங்கே ஆரம்பித்தது நம் வீட்டு ரகளை. முதலில் வெள்ளைக்காரர் கடையில் ஓர் உறை வாங்கினீர்கள். இடுப்பு வாரில் முன்பக்கம் கோத்துக்கொள்வது. அந்தக் கடை ஆள் அளவு நாடாவோடு உங்களைச் சுற்றி வந்துவிட்டு, "கொஞ்சம் இளைத்தால் சரியாக உட்காரும்" என்றானாம். ஒல்லி ஆளுக்கு அது அழகாகத்தான் இருக்கும். உங்களுக்கு நடக்கும்போது தொப்பை அதைக் கீழே தள்ளியது, உட்காரும்போது குழல் தொடையைக் குத்தியது. அடுத்து அக்குளில் தொங்குகிற உறை. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அது போதாதா? ஒரே வாரத்தில் வார் பட்ட இடமெல்லாம் தோல் வழன்று, நான் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டேன். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று முதுகுப் பக்கம் சொருகிப் பார்த்தீர்கள். முதுகு சொறியவே என்னைக் கூப்பிடுகிற மனுஷன், ஆபத்துக்கு அங்கிருந்து எப்படித் துப்பாக்கி எடுப்பார்? கள்ளனிடம் "ஐயா, கொஞ்சம் எடுத்துக் கொடுங்க" என்றா கேட்பார்?

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நிலைமை சரியில்லை என்று. டாக்டர் இளைக்கச் சொன்னார். கடையில் கணக்கப்பிள்ளை இளைக்கச் சொன்னார். நீங்களும் ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டுக் கஞ்சி குடிக்க ஆரம்பித்தீர்கள். வயிறு இறங்கவில்லை, முகம்தான் இறங்கியது.

கடைசியில் முதலாளியே வீட்டுக்கு வந்து, வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, சங்கடத்தோடு சொன்னார். "மச்சான், தப்பா நினைக்காதீங்க. அடுத்த கப்பலுக்குள்ளே இது ஒத்து வரலேன்னா, வேற ஒல்லியான ஆளை அனுப்பிடுறேன். நீங்க கடையிலேயே இருங்க. உங்க உசுரு எனக்குப் பெரிசு."

அவர் தெருத் திரும்புவதற்குள் நீங்கள் கையிலிருந்த விசிறியை வீசி எறிந்தீர்கள். "வெறுங்கையோடவே போறேன். குத்தினா குத்தட்டும். இந்த உடம்பைத் தூக்கிட்டு கடை மூலையிலே உக்கார மாட்டேன்."

சொன்னால் செய்கிற ஆள் நீங்கள். அடுத்த கப்பலுக்குள் ஒரு வழி பிறக்கவில்லை என்றால், உங்களை வெறுங்கையோடு அந்த ஆற்றில் விட வேண்டும். குத்துப்பட்ட அந்தப் பக்கத்துக் கடை ஆளின் சம்சாரம் என்னிடம் வந்து அழுதது கண் முன்னால் நின்றது.

மறுநாள் மத்தியானம்தான் அந்தச் சாப்பாடு. கடையிலிருந்து வந்தவர், இடுப்பு வாரில் முன்பக்கம் கோத்த அந்த முதல் உறையைக் கூடக் கழற்றாமல் இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். நான் குழம்பு ஊற்றக் குனிந்தேன். துப்பாக்கியைக் காணோம்! சத்தியமாகக் காணோம். தொப்பை மடிந்து அதன் மேல் விழுந்து, கைப்பிடி வரைக்கும் விழுங்கியிருந்தது. நின்றால் இருக்கிறது, உட்கார்ந்தால் புதைந்துவிடுகிறது.

"என்னங்க, சம்பான்ல எப்படி உக்காருவீங்க?"

"இப்படித்தான். பலகையிலே சம்மணம் போட்டு. நின்னா படகு கவுந்துடாதா?"

"அப்புறம் ஏன் எல்லாக் கடைக்காரனும் உங்களை நிக்க வச்சே அளவெடுத்தான்?"

உங்கள் சோற்றுக் கை அந்தரத்தில் நின்றது. நாற்காலியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சம்மணம் தெரியாது, சரி. நமக்கு எங்கே போயிற்று புத்தி? பொழுது முழுக்கத் தரையில் உட்கார்ந்து தின்று, பேசி, பேரம் முடிக்கிற ஜனம் நாம். நிற்க வைத்துத் தைத்ததை மாட்டிக்கொண்டு, உடம்பைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

"உடம்பை விடுங்க. உறையை மாத்துவோம்" என்றேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இலையில் இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னீர்கள். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

லான்மடாத் தெருவில் செருப்புத் தைக்கிற சீனரிடம் உங்களை இழுத்துக்கொண்டு போனேன். கடை நடுவே பாய் விரித்து உங்களை உட்கார வைத்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்துகொண்டு தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் நாடா எட்டவில்லை. மூட்டை கட்டுகிற சணல் கயிற்றை வாங்கி உங்களைச் சுற்றிப் பிடித்து, இரண்டு முனையும் சேருகிற இடத்தில் நானே ஒரு முடிச்சுப் போட்டேன். "ஊரை அளந்துட்டே புள்ள" என்றீர்கள்.

எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு நீங்களே வழி காட்டினீர்கள், உங்களுக்குத் தெரியாமலே. உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் உங்கள் வலது கை வயிற்றின் மேலாகச் சறுக்கி இடது பக்கம் போயிற்று, வெற்றிலைப் பை தேடி. இருபது தரம் பார்த்தாலும் இருபது தரமும் அதே வழி. "அங்கதான்" என்றேன். இடது விலாவுக்குக் கீழே, மடிப்புக்கு மேலே, கைப்பிடி வலது கையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும்படி. பின்னால் உள்ளங்கையை விட அகலமாக ஒரு தோல் பட்டை, அதற்கு உங்கள் பழைய வேட்டியில் மெத்தென்று நான் ஓர் உறை தைத்தேன். இரும்பு சதையில் படக்கூடாது, வியர்வை இரும்பில் படக்கூடாது. வார் தொப்பைக்கு அடியில் வழுக்கிப் போகாமல் இருக்க, வலது தோள் வழியாக ஒரு துணிப் பட்டை. எல்லாவற்றுக்கும் மேலே கோட்டு. கோட்டையும் பிரித்து, உட்கார்ந்தால் இழுக்காதபடி பக்கத்தில் துணி விட்டுத் தைத்தேன்.

மாட்டிக்கொண்டு உட்கார்ந்தீர்கள், எழுந்தீர்கள், குனிந்து செருப்பை எடுத்தீர்கள். "உடம்புல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு புள்ள" என்றீர்கள். குண்டில்லாத துப்பாக்கியோடு ஒத்திகை பார்த்தோம். நான் தோசைக் கரண்டியைக் கத்தியாக ஓங்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் மின்னலாகக் கையை விட்டு, உருவி, என் நெற்றிக்கு நேரே நீட்டினீர்கள், வெற்றிலைப் பையை! பாக்கெல்லாம் தரையில் உருண்டது. நான் சிரித்துச் சிரித்து விலா பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். அன்றைக்கே வெற்றிலைப் பையை வலது பக்கம் மாற்றினேன். ஆனால் கை மட்டும் பழைய வழியிலேயே போய்வரட்டும் என்று விட்டுவிட்டோம்.

கப்பல் வந்தது. நீங்கள் போனீர்கள். நான் அடுப்பு மூட்டவில்லை.

அப்புறம் நடந்ததை நீங்கள் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லியிருப்பீர்கள்! எனக்குப் படகுக்காரர் சொன்னதுதான் பிடிக்கும், அதில்தான் கலப்படம் குறைவு. கூட ஏறின இரண்டு பேர், கரையை விட்டுச் சற்றுத் தள்ளியதும் கத்தியை எடுத்தார்களாம். நம் தமிழிலேயே ஒருவன், "பெரியவரே, கோட்டைக் கழட்டு" என்றானாம். நீங்கள் பதறவே இல்லையாம்.

"தர்றேன் தம்பிகளா. எங்கே ஓடப் போறேன், இந்த உடம்பை வச்சுக்கிட்டு? நாக்கு வறண்டு போச்சு, ஒரு வெத்தலை போட்டுக்கிறேன்."

அவர்கள் சிரித்தார்களாம். குண்டன் வெற்றிலை கேட்கிறான் என்று! உங்கள் வலது கை வயிற்றின் மேலாகச் சறுக்கி இடது பக்கம் போயிற்று. வெளியே வந்தபோது அதில் இருந்தது வெற்றிலை இல்லை.

ஒரு குண்டு கூடச் செலவாகவில்லை. ஒருவன் கத்தியை ஆற்றில் போட்டுவிட்டுக் குதித்தான், இன்னொருவன் கத்தியோடேயே குதித்தான். இருவரும் சேற்றில் விழுந்து எழுந்து கரையேறி ஓடியதை அலோன் துறையே பார்த்துக் கைகொட்டியது. நீங்கள் படகைத் திருப்பச் சொல்லவில்லை. அப்படியே கப்பலுக்குப் போய், கல்லைக் காட்டி, வியாபாரத்தை முடித்துவிட்டுத்தான் திரும்பினீர்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

உங்களுக்கு முன்னால் சேதி வந்துவிட்டது. முதலாளி ஓடிவந்து உங்களைக் கட்டிப்பிடித்தார், கை பாதி தூரம்தான் போயிற்று. "மச்சான், இனிமே நீங்க இளைச்சீங்கன்னா வேலையை விட்டு எடுத்துடுவேன்" என்றார். தெரு முழுக்கச் சிரித்தது. நீங்கள் உள்ளே வந்து, கோட்டைக் கழற்றாமல் என் முன்னால் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள். "எல்லாரும் என் உடம்பைக் குறைக்கச் சொன்னாங்க. நீ ஒருத்திதான் உறையை மாத்தச் சொன்னே." நான் போய் அடுப்பை மூட்டினேன்.

அதற்குப் பிறகு அந்த ஆறு உங்களை ஒன்றும் செய்யவில்லை. காய்ச்சல்தான் கொண்டுபோயிற்று, வீட்டில், என் மடியில். அதையும் மிதப்போடுதான் சந்தித்தீர்கள். தூக்க ஆறு பேர் போதாது என்று நீங்களே சொல்லிச் சிரித்தீர்களே, பாவி மனுஷா.

இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், உறையைத் துடைத்து முடித்த நேரத்தில் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். முதலாளி கடைக்குப் புதிதாகச் சேர்ந்தவர், கும்பகோணத்துப் பக்கம். உங்கள் இடத்துக்கு வந்தவர், உங்கள் அகலத்துக்கும் வந்தவர். தலையைக் குனிந்துகொண்டு, வெள்ளைக்காரர் கடை உறையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முதலாளி அனுப்பினாருங்க அக்கா. எனக்கு எதுவும் ஒத்து வரலை. ரெண்டு மாசம் டயம் கொடுத்தா இளைச்சுடுவேன்."

கேட்டதும் எனக்கு வந்ததே கோபம்! "இளைக்கிறது உங்க இஷ்டம் தம்பி. முதல்ல இப்படி உக்காருங்க" என்று பாயை விரித்தேன். உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன். பேசிக்கொண்டே கை எங்கே போகிறது என்று பார்த்தேன். அவருக்குப் பொடி டப்பா, அதுவும் இடது பக்கம்.

உங்கள் உறையை அவருக்குக் கொடுக்கவில்லை. அது என்னுடையது. ஆனால் அதற்குள் சுருட்டி வைத்திருந்த சணல் கயிற்றை எடுத்து அவரைச் சுற்றிப் பிடித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் முடிச்சைத் தாண்டி இரண்டு விரல் போயிற்று. நீங்கள் இருந்திருந்தால் இந்த ஆளை மத்தியானச் சாப்பாட்டுக்கு இருத்தி, அகலத்தில் அவரிடம் தோற்றுப்போனதற்கு ஒரு விருந்தே வைத்திருப்பீர்கள்.

"சரியா வருமா அக்கா?" என்று கேட்டார், அதே முகத்தோடு.

"வரும். நல்லா நிமிர்ந்து உக்காருங்க" என்றேன். உங்கள் முடிச்சை அவிழ்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.