ஆரணிக்கு ஏழு வயது

பங்குனி 9, திங்கள்

காலையில் தூறல். குண்டசாலை பஸ்ஸில் நின்றபடிதான். செக்பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை, பை. பைக்குள் பென்சில் பெட்டி, சோறு, ஆரணியின் ஆறு வயதுப் படம். ஆமிக்காரன் படத்தைத் தூக்கிப் பார்த்து, மகளா என்று சிங்களத்தில் கேட்டான். ஓம் என்றேன். அண்ணன் மகள், வன்னியில் இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் இன்று வேலைக்குப் போன மாதிரித்தான்.

ஸ்டூடியோவில் இரண்டு கல்யாண அல்பம், ஒரு சேர்ப்புப் படம். கம்பளைப் பக்கத் தோட்டத்து அம்மா ஒருவர். மகன் கொழும்புக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம், தகவல் இல்லை. குடும்பப் படத்தில் அவனையும் நிறுத்த வேண்டுமாம். வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: இருக்கிறாரா, இல்லையா? இருந்தால் போன வருடங்களுக்கு முகத்தை வளர்ப்போம். இல்லையென்றால் அதே வயதில் விடுவோம். கடைச் சட்டம்.

"இருக்கான்மா. மீசை கொஞ்சம் தடிப்பா வச்சிருங்க."

வைத்தேன்.

பங்குனி 11, புதன்

ஆரணியைக் கடைசியாகக் கண்டது நாலு வயதில், கண்டிக்கு வந்தபோது. சண்டையில் வன்னிப் பாதை பூட்டியபிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் முகத்தை நானே வளர்க்கிறேன். ஐந்து கீறினேன், ஆறு கீறினேன். கம்ப்யூட்டரில் என்றால் அரை மணித்தியாலம். பென்சிலில் ஒரு மாதம். எனக்கு அந்த ஒரு மாதம் வேண்டும்.

ஏழுக்கான குறிப்பு. மார்கழியில் அண்ணன் போனில் சொன்னவை:
- முடி கட்டையாக வெட்டியாச்சு. பேன்.
- மெலிவு. எவ்வளவு என்று சொல்லவில்லை.
- முன்பல் இரண்டும் ஆடுது.

"உன்ரை கடைச் சட்டப்படி வடிவா வளர்த்து வை. நாங்கள் வந்து ஒத்துப் பாக்கிறம்" என்று சிரித்தார். அதன்பிறகு போன் இல்லை.

மத்தியானம் கீற இருந்த நேரம் இணையத்தில் போனது. வன்னிப் படங்கள். ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பெரிதாக்கி, இவளில்லை, இவளில்லை. நடுவில் ஒரு சாறி விளம்பரம். அதையும் நின்று பார்த்தேன். என்மேலேயே அருவருப்பு.

பங்குனி 17, செவ்வாய்

ஸ்கான் பண்ண வைத்திருந்த ஆறு வயதுப் படத்தை முதலாளி கண்டுவிட்டார். கெலிஓயாக்காரர், நல்ல மனுசன், வியாபாரம் என்று வந்தால் கண் மண் தெரியாது.

"இவ்வளவு நல்லா ஈக்கிது, சும்மா பைக்குள்ள வெச்சி என்ன செய்யப் போறீங்க தங்கச்சி? வெளிநாட்டு ஆக்கள் கண்டா ஓடி வருவாங்க."

வேண்டாம் என்றேன். பின்னேரம் பார்த்தால் கடையின் இணையப் பக்கத்தில் ஆரணி, கீழே கடை போன் நம்பர்.

பங்குனி 26, வியாழன்

ஓடர் வருகிறது. கனடா, லண்டன். எல்லாம் காணாமற்போன பிள்ளைகள். கை ஓயவில்லை. ஆரணியின் ஏழு தாடையோடு நிற்கிறது.

இன்று வேறொரு தளத்தில் அவளைக் கண்டேன். நான் கீறிய அதே படம். சுற்றிக் கறுப்புக் கரை, கீழே மெழுகுதிரி, ‘கொல்லப்பட்ட பிஞ்சு’. நூற்றுக்கணக்கான பேர் அழுதிருக்கிறார்கள். செய்தி தெரிந்து போட்டார்களா, படத்தைத் திருடிப் போட்டார்களா?

எழுதினேன்: பிள்ளை உயிரோடு இருக்கிறாள், உடனே எடுங்கள். ஒரு மணித்தியாலத்தில் பதில்: உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் அனுப்பவும்.

அனுப்ப என்னிடம் என்ன இருக்கிறது? பென்சில்தான்.

முதலாளியிடம் கத்தினேன். அவர் கடைப் பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டு, "மன்னிச்சிக்கோங்க தங்கச்சி, நான் நெனச்சே பாக்கல்ல" என்றார். மற்றத் தளத்தில் மெழுகுதிரி எரிந்தபடி.

சித்திரை 27, திங்கள்

பிறந்தநாள். லீவு கேட்டு வீட்டில் இருந்தேன். இணையம் இல்லை, கடை இல்லை. வெளியே வெடிச்சத்தம், வன்னி பிடிபடுகிறதென்று யாரோ பட்டாசு கொளுத்துகிறார்கள். ரேடியோவை நிறுத்தினேன். கண் சரியாக வந்துவிட்டது, அண்ணனின் கண். காது, கழுத்து, கட்டை முடி. பல் மட்டும் மிச்சம். விழுந்த ஓட்டையா, முளைத்த பல்லா? அம்மா பக்கத்தில் இருந்து, "முளைச்சிருக்குமடி. நாலு மாசம் ஆச்செல்லே" என்றா.

இவ்வளவு சந்தோசமாக நான் கீறி எவ்வளவு காலம்.

சித்திரை 29, புதன்

வெயில். பதினொரு மணிக்குக் கடைப் போன். வவுனியா ஆசுபத்திரியிலிருந்து அண்ணன், யாருடையதோ போனில். குரல் அடையாளம் தெரியவில்லை. அண்ணிக்குக் காலில் காயம், பக்கத்துக் கட்டிலில் இருக்கிறா என்றார். ஆரணியை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போன்காரர் அவசரப்படுத்துவது கேட்டது.

"ஏழு கீறிட்டியோ?"

"பல்லு மட்டும் மிச்சம் அண்ணா."

அண்ணன் போன்காரரிடம் இன்னும் ஒரு நிமிசம் கேட்டார்.

"வேண்டாம். ஆறோடை நிப்பாட்டு."

முதலாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இரண்டு அல்பம் முடித்தேன், எப்படி என்று தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு அண்ணன் எடுத்ததை மட்டும் சொன்னேன். சாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டா. பிறகு என் பென்சில் எல்லாவற்றையும் சீவி மேசையில் வரிசையாக வைத்திருக்கிறா.

"இண்டைக்குப் பல்லுக் கீறுவியோ பிள்ளை?"