இலை பச்சையாகவே இருந்தது

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா, அங்கே குளிர் இறங்கிவிட்டதா, உனக்கு அந்தச் சளித் தொல்லை மறுபடி வந்ததா என்றெல்லாம் கேட்க ஆசை, எட்டு மாதமாக நீ போனை எடுப்பதில்லை, பதில் வராது என்று தெரிந்தேதான் கேட்கிறேன். கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது, கடிதத்தை மட்டும் பாதியில் கிழித்துவிடாதே. இங்கே பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. அத்தை வாரத்துக்கு இரண்டு நாள் வந்து என் சமையலைக் குறை சொல்லிவிட்டு அதையே இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போகிறாள், சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, உன் அம்மாவின் செருப்பை வாசலிலிருந்து எடுக்க எனக்கு இன்னும் கை வரவில்லை.

ஆஸ்பத்திரி சாலையில் நான் வைத்த நாற்பது மரங்கள் உனக்கு நினைவிருக்கும், இத்தனை வருஷத் தோட்ட வேலையில் என் பேர் சொல்ல இருப்பது அவை மட்டும்தான். கன்று காற்றில் சாயாமல் இருக்கப் பக்கத்தில் கழி நட்டு, ரப்பர் குழாய்க்குள் கம்பியை விட்டுக் கட்டியிருந்தேன். மரம் பருக்கப் பருக்க வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கட்டைத் தளர்த்த வேண்டும், அது என் பொறுப்பு. உன் அம்மா படுத்த வருஷம் தளர்த்தவில்லை, அவள் போன பிறகும் எனக்கு எதுவும் ஓடவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து மாதமும் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு தினமும் இரண்டு வேளை அந்த மரங்களின் கீழேதான் நடந்தேன், நல்ல நிழல் என்று அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேனே தவிர இடுப்பு உயரத்தில் கம்பி என்ன ஆனது என்று ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை. போன மாதம் டீக்கடைக்கு எதிரே இருந்த மரம் ஒரே வாரத்தில் வாடிப்போனது. தினமும் ரெண்டு குடம் ஊத்துறேன் சார், குடிக்கவே மாட்டேங்குது என்றார் கடைக்காரர். தோண்டினால் வேர் ஊறிய கயிறு மாதிரி கையோடு வந்தது. கம்பி ரப்பரைக் கிழித்துக்கொண்டு பட்டைக்குள் முழுசாகப் புதைந்திருந்தது, அதற்கு மேலே வீக்கம், கீழே சூம்பல். நீ பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன், வேர் இழுக்கும் தண்ணீரும் மண்ணின் சத்தும் உள்ளே இருக்கிற கட்டை வழியாக இலைக்கு ஏறுகிறது, இலை வெயிலில் சமைத்த சாப்பாடு பட்டையின் உள்பக்கம் நகக்கனத்தில் இருக்கும் ஒரு தோல் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. கம்பி அந்தத் தோலை அறுத்துவிட்டது. கட்டைக்கு ஒன்றும் ஆகாததால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, இலையும் பச்சையாகவே இருந்தது. வேர் மட்டும் சேர்த்துவைத்திருந்ததைத் தின்று தீர்த்துவிட்டுப் பட்டினியில் செத்திருக்கிறது.

மற்ற மரங்களை ஓடி ஓடிப் பார்த்தேன், பத்தொன்பதில் கம்பி இறங்கியிருந்தது. நாங்கள் தொப்பி என்று கூப்பிடும் எங்கள் மேற்பார்வையாளர், பச்சையாத்தானே இருக்கு, எதுக்கு வம்பை விலைக்கு வாங்குறீங்க என்றார். கேட்கவில்லை. அந்தந்த மரத்திலேயே பென்சில் கனத்தில் குச்சி வெட்டி, இரண்டு முனையும் சீவி, காயத்துக்கு மேலே ஒரு முனையும் கீழே ஒரு முனையுமாகப் பட்டைக்கு அடியில் செருகி, மெழுகு பூசிக் கட்டினேன். பிடித்துக்கொண்டால் சாப்பாடு அந்தக் குச்சி வழியாகக் கீழே இறங்கும். இதுவரை ஆறுதான் பிடித்திருக்கிறது. நாலு மரத்தை வெட்டியாகிவிட்டது, மீதியைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

இதைப் படிக்கும்போது உனக்கு என்ன தோன்றும் என்று தெரியும், குச்சியைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கும் அதுதான் தோன்றியது. உன்னோடு வீடியோவில் பேசும் நாளெல்லாம் அவளுக்குப் பவுடர் பூசி, தலை வாரி, ஜன்னல் வெளிச்சத்தில் தலையணை அண்டை கொடுத்து உட்காரவைத்தோம், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். அவள் போன மூன்றாம் நாள் நீ வந்து இறங்கி, உங்க ரெண்டு பேருக்கும் நான் யாருப்பா என்று கேட்டாய். உன் வேலை நிரந்தரமாகும்வரை சொல்லக் கூடாது என்று உன் அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள் என்றேன். அது பொய். அவள் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. கடைசி மாதத்தில் நீ லீவு போட்டு வரட்டுமா என்று கேட்டாயே, அன்று அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சாதாரணக் காய்ச்சல்தான், இப்ப எதுக்கு, வராதே என்று சொன்னது நான். எழுந்ததும், பாப்பா எப்ப வர்றாளாம் என்று கேட்டாள், உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று அவளிடமும் சொன்னேன். நீ வந்தால் அவள் போகப்போகிறாள் என்பது எனக்கே உறுதியாகிவிடும் என்று பயந்தேன் மகளே. இறந்தவள் மறுத்துப் பேச மாட்டாள் என்று பழியையும் அவள் மேல் போட்டேன். மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, ஆனால் நீ அவள் மேல் கோபமாக இருக்கக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. கொஞ்ச நாளாக நடந்தால் வலது ஆடுசதை இழுத்துப் பிடிக்கிறது, கால் விரல் கறுத்திருக்கிறது. தொடையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டதாம். இடது காலிலிருந்து ஒரு குழாயை எடுத்து அடைப்பைத் தாண்டி ஒட்டப் போகிறார்களாம், நான் மரத்துக்குச் செய்ததைத்தான் டாக்டர் எனக்குச் செய்கிறார், அவருக்காவது கைராசி இருக்கட்டும். ஒட்டு பிடிக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு தூரத்துல இருக்குற பிள்ளைகிட்ட எதுக்குச் சொல்றே என்று அத்தை தடுத்தாள். டாக்டர் எழுதியதை அப்படியே நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், ஒரு வரிகூட மறைக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீங்கள் இரண்டு பேரும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அதற்கு உன் அம்மாவின் ஆசியும் உண்டு. ஆபரேஷன் இருபத்திரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வராதே என்று மட்டும் இந்தத் தடவை சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா