பெயருக்கு விட்ட இடம்

பம்பாய்,
9.8.1981

நம் மெர்சியின் அப்பாவுக்கு, ஞானசுந்தரி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் முதுகுவலி தேவலையா? பிள்ளைக்குச் சளி விட்டதா? நான் சுகமே.

ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகுமுன் தினமும் விடியலில் கொஞ்ச நேரம் எழுதுகிறேன். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் ஞாயிறுதோறும் கட்டுரை எழுதப் பழக்குகிறார்கள். கற்பனை கூடாதாம், நடந்ததையே கதைபோலச் சொல்ல வேண்டுமாம். ஜன்னலில் மழை விழும்போது நம் சாலவாக்கத்து ஏரி அறைக்குள் வந்து நிற்கிறது. நீங்கள் மூழ்கி மதகைத் திறந்துவிட்டு, தலையெல்லாம் பாசியோடு எழுந்து, "இன்னாடி, கனா கண்டுக்கினு நிக்கிற?" என்று கேட்டதைத்தான் எழுதினேன்.

போன ஞாயிறு அதைக் கூட்டத்தில் வாசித்தேன். உங்கள் பெயர் வருகிற இடத்தில் வாய் நின்றுவிட்டது. "நெஜமான ஆளுன்னா பேரு வேணும்மா," என்றார் வகுப்பு நடத்தும் கமலவேணி அம்மா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கண் கலங்கியது ஜலதோஷத்தால்தான்.

சங்க மலரில் அதைப் போடப்போகிறார்கள். கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். நாலு பேர் படிப்பதில் உங்களுக்குச் சம்மதமென்றால், உங்கள் கையாலேயே எழுதி அனுப்புங்கள். கூடவே கொஞ்சம் சீயக்காயும், உங்கள் பழைய சட்டை ஒன்றும். மேசை துடைக்கத் துணியில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. விடுதி அறையில் என் பக்கத்துக் கட்டில் நர்ஸ்தான் வழக்கம்போல உறைமேல் முகவரி எழுதப்போகிறாள். உங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவாள். அதைக் கேட்கத்தான் வாரம் தவறாமல் கடிதம் போடுகிறேன்.

ஞானசுந்தரி