கை கூப்பிய படம்

இன்று காலை மெட்ரோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டாள். நீ தினமும் தேய்த்துக்கொள்கிற அதே வாசம் வந்ததும் திரும்பிப் பார்த்துவிட்டேன். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. தெரிந்தும் பார்த்தேன், என்ன செய்ய.

பதினோரு வருடம் மயூர் விஹாரில் ஏறி மண்டி ஹவுஸில் இறங்கினோம், ஒரே ஆபீசுக்கு. யமுனா பேங்க் தாண்டி ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறியதுமே நீ பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்ணை மூடிவிடுவாய். பாலம் முடியும் வரை ஜெபம். மருமகளைப் பற்றி நான் எவ்வளவு சுவாரசியமாகப் புலம்பிக்கொண்டிருந்தாலும் உனக்கு அக்கறையில்லை. ஒருமுறை எதிரே நின்ற அம்மாள், தலை சுற்றுகிறதா என்று இந்தியில் பதறி உன் கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்தாள். நீ ஒரு வாய் குடித்துவிட்டு ‘ஆமென்’ சொன்னாய். எனக்கு மானம் போயிற்று.

நம் சபையில் ‘ஜெபிச்சுக்கிறேன்’ என்பது போயிட்டு வரேன் என்பதுபோல வாயில் தானாக வருகிற வார்த்தை. வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஜெபக் குறிப்பு போட்டால், கால் நிமிடத்தில் முப்பது பேர் கை கூப்பிய படம் போடுவோம். நானும்தான். படம் போட்ட கையோடு வெங்காய விலை பேசப் போய்விடுவேன். உனக்கு அது ஆகாது. “படத்தைப் போட்டுட்டு மறந்துருவோம்ளா. இப்பமே பண்ணிருவோம்” என்று உன் திருநெல்வேலித் தமிழில் சொல்லி, லிஃப்ட் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொள்வாய். நான் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உன் மார்புக் கட்டிக்கு ஆபரேஷன் செய்த அன்று காலை நீ எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாய். பதினோரு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள், ஜெபித்துக்கொள் என்று. அன்று ஆபீசில் ஆடிட். நான் கை கூப்பிய படத்தை அழுத்திவிட்டு ஃபைலைத் திறந்தேன். பதினோரு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இப்போதும் சொல்வேன்: ஆடிட்காரர்களுக்கு சமோசா பத்துமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வார்டுக்கு வந்தேன். நீ வெளிறிப்போய்ச் சிரித்தாய்.

“உள்ள கொண்டுபோகையில கைகாலெல்லாம் நடுங்கிச்சுளா. அப்புறம் நீ ஜெபம் பண்ணிக்கிட்டிருப்பன்னு நெனச்சேன். பயமே போயிட்டு. பண்ணினதான?”

“பண்ணேன்” என்றேன்.

ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு நீ ஏழு மாதம் இருந்தாய். உண்மையைச் சொல்ல எத்தனையோ நாள் கிடைத்தது. உன் வீட்டு சோபாவில், கீமோவுக்குப் போகிற ஆட்டோவில் எல்லாம் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. உன் தைரியத்தைப் பிடுங்கக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சும்மா பேச்சு. உன் முன்னால் அசிங்கப்படப் பயந்தேன், அவ்வளவுதான்.

நீ போனபின் ஒழுங்காக ஜெபிக்கலாம் என்று உட்கார்ந்தேன். காலையில் குக்கர் வைத்துவிட்டு நீ செய்ததுபோல. ‘ஆண்டவரே’ என்று ஆரம்பித்தால் அந்தப் ‘பண்ணேன்’ குறுக்கே வந்து நிற்கும். விசில் வரும், எழுந்துவிடுவேன். ஒன்பது மாதமாக இதே கதை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும் எல்லோரோடும் சேர்ந்து வாயசைக்கிறேன்.

இன்று தைல வாசத்தில் நான் உட்கார்ந்திருந்தபோதுதான் உன் மகளிடமிருந்து செய்தி வந்தது. துவாரகாவிலிருந்து, ஆங்கில எழுத்தில், அவளுக்குத் தெரிந்த இந்தி கலந்த தமிழில். “ஆன்ட்டி, எனக்கும் ஒரு கட்டி இருக்கு. இன்னைக்கு ஸ்கேன். டர் லக் ரஹா ஹை, ரொம்ப பயமா இருக்கு. அம்மா சொல்வாங்க நீங்க ப்ரே பண்ணா பயம் போகும்னு.”

அப்படியா சொல்லி வைத்திருக்கிறாய் அவளிடம்?

என் விரல் பழக்கதோஷத்தில் அந்தப் படத்துக்குத்தான் போனது. ரயில் யமுனா பேங்கை விட்டுக் கிளம்பியிருந்தது. ஃபோனைப் பைக்குள் போட்டுக் கண்ணை மூடினேன். உன்னைப்போல அழகாக எல்லாம் வரவில்லை. ‘அன்னைக்கு நான் பண்ணலை, ஆண்டவரே’ என்பதுதான் முதலில் வந்தது. அழுதுவிட்டேன், அத்தனை பேர் நடுவில். அப்புறம்தான் உன் மகளின் பேரைச் சொன்னேன். திரும்பத் திரும்ப அந்தப் பேர் மட்டும். தைலக்காரப் பெண், என்ன ஆயிற்று என்று தோளைத் தொட்டாள். கண்ணைத் திறந்தபோது மண்டி ஹவுஸ் தாண்டிப் போயிருந்தது.

ஸ்கேன் என்ன சொல்லுமோ தெரியவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்குப் பதில் போட்டேன், படம் இல்லாமல். ‘பண்ணேன்’ என்று.

இந்த முறை அது உண்மை. உன்னிடம் சொன்னது மட்டும் இன்னும் பொய்யாகவே இருக்கிறது.